கரி உரம் இல்லைங்க

இன்னொரு நிலக்கடலைத் தோட்டம் மஞ்சள் பாய்ந்து நிற்கிறது. கரியே உரம் என்று யாரோ போட்ட வீடியோவை நம்பி, கரிமூட்டத்தில் மிஞ்சிய தூளை டிராக்டரில் ஏற்றி வந்து சாம்பலோடு சேர்த்துக் கொட்டி உழுதிருக்கிறார்கள். மண் பரிசோதனை அட்டையில் பி.எச். 8.4 என்று தெளிவாகவே இருக்கிறது. ஏற்கெனவே காரம், அதன்மேல் கரியும் சாம்பலும். இரும்புச்சத்து வேருக்கு எட்டவே எட்டாது. நிலக்கடலை இதைச் சட்டென்று காட்டிவிடும்.

உயிர்க்கரி (காற்றை மட்டுப்படுத்திச் சுட்டு மண்ணில் சேர்க்கும் கரி, பயோசார்) உரம் இல்லைங்க. யூரியாவைக் குறைக்கலாம், தொழுவுரத்தை நிறுத்தலாம் என்று சொல்பவரை நம்பாதீர்கள். அது ஒரு சத்திரம். நீரும் சத்தும் நுண்ணுயிரும் தங்க இடம் தரும், சோறு போடாது. புதுக்கரியை வெறுமனே போட்டால் மண்ணிலிருக்கும் தழைச்சத்தையும் கொஞ்ச காலம் பிடித்து வைத்துக்கொள்ளும். “அமேசான் கறுப்பு மண் இருக்கே சார்?” என்பார்கள். அங்கே இயல்பாகவே அமில மண். அந்தக் கறுப்பு மண் கரியோடு எலும்பு, மீன் கழிவு, மலம் எல்லாம் நூற்றாண்டுகளாகச் சேர்ந்து உண்டானது. கரியை மட்டும் பார்த்தால் எப்படி?

திறந்த வெளியில் வெளுக்க எரிந்தது சாம்பல். அதிலிருந்த கார்பன் காற்றோடு போயாச்சு. காற்றை மட்டுப்படுத்திச் சுட்ட கரியில்தான் அது நிற்கும், மண்ணில் நூற்றாண்டுக் கணக்கில் கிடக்கும். ஒரு கிலோ கார்பன் மண்ணில் நின்றால், 3.67 கிலோ கரியமில வாயு காற்றில் சேராமல் நின்றதற்குச் சமம். மூட்டம் புகைந்துகொண்டே கிடந்தால் புவியைச் சூடாக்கும் இன்னொரு வாயுவான மீத்தேன் கிளம்பி அந்தக் கணக்கையே கெடுக்கும். உமிக்கரியில் கணிசமான பங்கு சிலிக்கா, அதைக் கார்பனில் சேர்க்காதீர்கள். (கார்பன் கிரெடிட், அதாவது இப்படிக் கார்பனைக் காற்றுக்கு விடாமல் நிறுத்தியதற்குக் கிடைக்கும் காசு, வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.)

அமிலச் செம்மண்ணா, நீலகிரிக் காய்கறி நிலமா, தண்ணீர் நிற்காத மணலா? தாராளமாகப் போடுங்கள். காரம் மிகுந்த களர் நிலத்தில் வேண்டாம். தொழுவுரத்தோடு கலந்து, ஈரம் காயாமல் சில வாரம் ஊறவிட்ட பிறகே வயலுக்குப் போகட்டும். தூளை நனைத்து, மூக்கில் துணி கட்டி இறையுங்கள், நுரையீரல் உங்களுடையது. பெயின்ட் அடித்த பலகையைச் சுடாதீர்கள். இதற்காக நல்ல மரத்தை வெட்டவே வெட்டாதீர்கள், சீமைக்கருவேலமும் தென்னை மட்டையும் வேண்டிய மட்டும் கிடக்கிறது.

போட்ட கரியைத் திரும்ப அள்ள முடியாது. அதனால் தயவுசெய்து முதல் போகத்தில் இரண்டு பாத்திக்கு மட்டும் போடுங்கள், பக்கத்துப் பாத்தியைச் சும்மா விடுங்கள். அறுவடையில் இரண்டையும் எடை போட்டுப் பார்த்துவிட்டு லோடுக்குச் சொல்லலாம்.