அபேயன்ஸ் – நிறுத்திவைப்பு

வருமான வரி மேல்முறையீடு ஒன்று ‘அபேயன்ஸில்’ இருக்கிறது என்று ஆடிட்டர் சொன்னால், வரி கட்டுவதற்கே தடை கிடைத்துவிட்டதாகப் பலர் நிம்மதி அடைகிறார்கள். அது தவறு. விசாரணை நிற்கிறது, அவ்வளவுதான்.

ஒரே சட்டக் கேள்வி பல பேரைத் தொடும்போது இந்த நிலை வரும். கண்ணூர் மாவட்டத்தின் மாவிலாயி சேவைக் கூட்டுறவு வங்கியின் வழக்கைப் பாருங்கள். தொடக்க வேளாண் கடன் சங்கங்களுக்கு 80பி (80P) பிரிவின் வரிக் கழிவு உண்டா என்பது கேள்வி. உச்ச நீதிமன்றம் 2021 ஜனவரியில் சங்கங்களின் பக்கம் தீர்ப்பளித்தது. இப்படி ஒரு வழக்கு மேலே இருக்கும்போது, அதே கேள்வியைக் கீழே ஒவ்வொரு மேல்முறையீட்டிலும் தனித்தனியாக வாதாடுவது வீண் செலவு.

1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டமே இதற்கு வழி வைத்திருந்தது. தன்னுடைய வேறோர் ஆண்டு வழக்கில் அதே கேள்வி உயர் நீதிமன்றத்திலோ உச்ச நீதிமன்றத்திலோ இருந்தால், அதன் முடிவை ஏற்பதாக வரி செலுத்துபவர் எழுதிக் கொடுக்கலாம் என்றது 1984-இல் வந்த 158ஏ பிரிவு. வருமான வரித் துறையும் தன் மேல்முறையீட்டைத் தள்ளிவைக்க 2022-இல் 158ஏபி சேர்ந்தது.

சொல்லின் பிறப்பு அழகானது. பழைய பிரெஞ்சில் ‘அபேயர்’ என்றால் வாயைப் பிளந்து ஏங்கிப் பார்ப்பது. அதிலிருந்து ‘அபேயன்ஸ்’, அதாவது பெரும் எதிர்பார்ப்பு. சொத்து தன் கைக்கு வரும் என்று காத்திருப்பவரின் நிலையை முதலில் குறித்தது, பிறகு உரிமையாளர் முடிவாகாத சொத்தின் நிலைக்கே பெயரானது. ஆக, எதற்காகவோ காத்திருப்பது என்ற பொருள் வேரிலேயே இருக்கிறது.

தமிழில் ‘கிடப்பில் போடுதல்’ என்கிறோம். ஆனால் அதில் அலட்சியம் தொனிக்கிறது, எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதும் இல்லை. ‘நிலுவை’ முடியாத எல்லா வழக்குக்கும் பொது. ‘ஒத்திவைப்பு’ வாய்தா. ‘தடை’ என்பது ஸ்டே. எனக்குச் சரியாகப் படுவது ‘நிறுத்திவைப்பு’. வைப்பது என்றாலே திரும்ப எடுப்போம் என்ற எண்ணமும் அதில் இருக்கிறது.

தடையையும் நிறுத்திவைப்பையும் குழப்பினால் பணம் போகும். மேல்முறையீடு நின்றாலும் வரிக் கோரிக்கை நிற்காது. பாக்கிக்கு அந்த 1961 சட்டத்தின் 220(2) பிரிவின்படி மாதம் 1 சதவீத வட்டி ஏறும். ஆணையரிடம் முதல் மேல்முறையீடு இருக்கும் நிலையில், பொதுவாக 20 சதவீதத்தைக் கட்டி மீதியை வசூலிக்காமல் இருக்கக் கோரலாம் என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 2017-இல் வழிகாட்டியது. அதற்கு மதிப்பீட்டு அதிகாரியிடம் தனி மனு போட வேண்டும். ஜிஎஸ்டியில் கதை வேறு: முதல் மேல்முறையீட்டில் தகராறு வரியில் 10 சதவீதம் கட்டினால் மீதி வசூல் தானாகவே நிற்கும்.

சரி, மனுவில் எப்படி எழுதுவது? ‘உச்ச நீதிமன்றத்தில் உள்ள இன்ன எண் வழக்கின் முடிவு வரும்வரை இம்மேல்முறையீட்டை நிறுத்திவைக்க வேண்டுகிறேன்’ என்று வழக்கு எண்ணோடு எழுதுங்கள். வசூல் தடை கோரும் மனு வேறு தாளில் இருக்கட்டும்.