நிறைமாதத்தில் கார் ஓட்டினால் சீட் பெல்ட்டை எங்கே போடுவது?

கிருஷ்ணகிரியில் வீடு, தர்மபுரியில் வேலை. எட்டாம் மாதம் வரைக்கும் நானே கார் ஓட்டிக்கொண்டுதான் போய் வந்தேன். வளைகாப்பு முடிந்த மறுநாள் காலையில் காரில் உட்கார்ந்து பெல்ட்டை இழுத்தபோது அம்மா ஜன்னலோரம் வந்து நின்று, "அதப் போடாத கண்ணு, வயித்த அழுத்தும், உள்ள இருக்கிற உசுருக்கு ஆகாது" என்றார். அம்மாவின் பயம் நியாயமானது. அழுத்தும் இடத்தில் போட்டால் பெல்ட் கெடுதல் செய்யும்தான். ஆனால் அதற்காகப் போடாமல் விடுவது அதைவிடப் பல மடங்கு ஆபத்து. ஏன் என்று அன்றைக்கு அம்மாவுக்கு ஐந்து நிமிடத்தில் என்னால் சொல்ல முடியவில்லை, அதனால் இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்றால் உள்ளே உட்கார்ந்திருக்கும் நீங்களும் அதே 60ல்தான் போய்க்கொண்டிருக்கிறீர்கள், உங்கள் வயிற்றில் இருக்கும் குழந்தையும் அதே 60ல்தான். கார் எதன் மீதாவது மோதி நின்றுவிட்டால் நிற்பது கார் மட்டும்தான். ஏதாவது ஒன்று பிடித்து நிறுத்தும் வரை உங்கள் உடம்பு அதே வேகத்தில் முன்னால் போகும். அந்த வேகத்தில் போய் இடிப்பது, சுமார் 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நாலு மாடிக் கட்டிடத்தின் உச்சியிலிருந்து தரையில் விழுவதற்குச் சமம். ஊருக்குள்ளே 40ல் தானே போகிறேன் என்றாலும் அது 6 மீட்டருக்கு மேல், இரண்டு மாடி. நிறைமாதத்தில் முதலில் போய் இடிக்கும் இடம் வயிறு, இடிபடும் பொருள் ஸ்டீயரிங்.

இடித்தால் உள்ளே என்ன ஆகிறது என்பதுதான் முக்கியம். குழந்தை பனிக்குட நீருக்குள் மிதக்கிறது, அந்த நீர் சின்னச் சின்ன அதிர்ச்சிகளை நன்றாகவே தாங்கிக்கொள்ளும். பலவீனமான இடம் வேறு. கர்ப்பப்பையின் சுவர் தசையால் ஆனது, ரப்பர் மாதிரி இழுபடும். அதன் உள்பக்கம் ஒட்டியிருக்கும் நஞ்சுக்கொடி அப்படி இழுபடாது. ஊதிய பலூன் மேல் ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டு பலூனை ஒரு பக்கமாக அமுக்கிப் பாருங்கள், பலூன் நெளியும், காகிதம் நெளியாமல் ஓரத்திலிருந்து பிரியும். வயிறு திடீரென்று நசுங்கும்போது நஞ்சுக்கொடியும் அப்படித்தான் சுவரிலிருந்து பிரிந்துவிடலாம். பிரசவ நேரம் நெருங்கும்போது கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் போகிறது. குழந்தைக்கு வேண்டிய ஆக்சிஜன் முழுக்க அந்த ரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாகத்தான் வர வேண்டும். அது பிரிந்தால் குழந்தைக்கு மூச்சே இல்லை. தாய்க்கு ஒரு எலும்புகூட உடையாத, வெளியே ஒரு கீறல்கூட இல்லாத விபத்திலும் இது நடக்கக்கூடும் என்பதுதான் இதில் கொடுமை.

பெல்ட் என்ன செய்கிறது? உடம்பிலேயே உறுதியான இடங்களான இடுப்பெலும்பு, காறை எலும்பு, மார்புக்கூடு இவற்றின் மேல் விசையைப் பரப்பி, உங்களைக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்து நிறுத்துகிறது. இப்போது நாம் போடும் மூன்று முனை பெல்ட்டை 1959ல் வால்வோ நிறுவனத்தில் நில்ஸ் போலின் என்ற பொறியாளர் கொண்டுவந்தார். அதே வால்வோ 2002 வாக்கில் நிறைமாதக் கர்ப்பிணியின் உடம்பைக் கணினியில் மாதிரியாக உருவாக்கி, மோதலில் பெல்ட்டும் கர்ப்பப்பையும் நஞ்சுக்கொடியும் என்ன ஆகின்றன என்று பார்த்தது. ஆண் உடம்பை அளவாக வைத்தே பெரும்பாலும் சோதித்து வந்த கார் துறையில் இந்தக் கேள்வி வரப் பல வருடங்கள் ஆகியிருக்கிறது, எனக்கு இதில் வருத்தம் உண்டு.

சரி, எங்கே போடுவது? கீழ்ப் பட்டை வயிற்றுக்கு அடியில், தொடை தொடங்கும் இடத்தில், இரண்டு பக்க இடுப்பெலும்பின் மேலும் படிய வேண்டும். வயிற்றின் நடுவில் போகவே கூடாது, போனால் ஸ்டீயரிங் செய்யும் வேலையைப் பெல்ட்டே செய்துவிடும். மேல் பட்டை தோளிலிருந்து இரண்டு மார்புக்கு நடுவில் இறங்கி வயிற்றின் பக்கவாட்டில் போக வேண்டும். கை இடுக்கில் விடுவது, முதுகுக்குப் பின்னால் தள்ளிவிடுவது இரண்டுமே வேண்டாம். புடவை கட்டுகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். கொசுவம் ஒரு கட்டாக முன்னால் நிற்பதால் கீழ்ப் பட்டை அதன் மேல் ஏறி நேராக வயிற்றுக்கு வந்துவிடும். உட்கார்ந்ததும் கொசுவத்தைக் கீழே நீவிவிட்டு, பட்டையை இழுத்து இறுக்கிப் பாருங்கள். வண்டி ஓட ஓட அது மேலே ஏறும், நான் ஒவ்வொரு சிக்னலிலும் கையால் கீழே தள்ளிவிடுவேன்.

ஏர்பேக் இருந்தால் அதை அணைக்க வேண்டியதில்லை. ஆனால் அது கண்ணிமைப்பதற்குள் பெரிய வேகத்தில் விரியும் பொருள், அதனால் நெஞ்செலும்புக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவில் 25 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீயரிங்கை ஏற்றி இறக்கும் வசதி இருந்தால் அது வயிற்றைப் பார்க்காமல் நெஞ்சைப் பார்க்கும்படி வையுங்கள். இவ்வளவு பின்னால் தள்ளி உட்கார்ந்தால் பிரேக்கும் கிளட்ச்சும் முழுசாக எட்டவில்லை என்றால் சாவியை வேறொருவரிடம் கொடுக்கும் நாள் வந்துவிட்டது. எனக்கு அது எட்டாம் மாதக் கடைசியில் வந்தது.

சேலம் பக்கம் போகிறவர்களுக்குத் தொப்பூர் கணவாயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தர்மபுரியிலிருந்து போகும்போது அங்கே நீண்ட இறக்கமும் வளைவுகளும் சேர்ந்து வரும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கும் லாரிக்கு எஞ்சின் தரும் தடை இருக்காது, முழு பாரமும் பிரேக் மேல் விழும், பிரேக் சூடேற ஏற அதன் பிடிப்பு குறையும், கடைசியில் மிதித்தாலும் வண்டி நிற்காது. அதனால் உங்கள் காரை மூன்றாவது கியரில் போட்டு எஞ்சின் தடையிலேயே இறங்குங்கள். லாரிக்கு முன்னால் மாட்டிக்கொள்ளாதீர்கள், பின்னால் வரும் வண்டியைக் கண்ணாடியில் அடிக்கடி பாருங்கள். நிறைமாதத்தில் அந்த இறக்கத்தை நீங்களே ஓட்ட வேண்டிய கட்டாயம் இல்லையென்றால் ஓட்டாதீர்கள் என்பது என் கருத்து.

அப்புறம், சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொண்டு போவது. பக்கத்து சீட்டில் போகும்போது இது சுகமாகத்தான் தெரியும். ஆனால் கால்களிலிருந்து இதயத்துக்கு ரத்தம் திரும்பும் பெரிய சிரை முதுகெலும்பின் வலப்பக்கமாக ஓடுகிறது. 20 வாரத்துக்கு மேல் மல்லாந்து சாய்ந்தால் கர்ப்பப்பையின் எடை அதன் மேல் உட்கார்ந்து, இதயத்துக்கு வரும் ரத்தம் குறைந்து, தலை சுற்றும், வியர்க்கும், கண் இருட்டும். குழந்தைக்குப் போகும் ரத்தமும் அதனால் குறையும். அதோடு சாய்ந்து கிடந்தால் மோதலில் உடம்பு பெல்ட்டுக்கு அடியில் வழுக்கும், பட்டை வயிற்றுக்கு ஏறிவிடும். நிமிர்ந்து உட்காருங்கள், மயக்கம் மாதிரி வந்தால் வண்டியை நிறுத்தி இடப்பக்கம் ஒருக்களித்துக்கொள்ளுங்கள்.

கர்ப்பத்தில் ரத்தம் சீக்கிரம் உறையும் தன்மை கூடுகிறது. பிரசவத்தில் அதிகம் ரத்தம் போய்விடாமல் இருக்க உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு அது. அதனால் காலை மடக்கியபடியே மணிக்கணக்கில் உட்கார்ந்தால் கெண்டைக்காலில் ரத்தம் தேங்கிக் கட்டியாகலாம். கெண்டைத் தசை சுருங்கி விரிந்தால்தான் ரத்தம் மேலே ஏறும். ஓசூரிலிருந்து அரூர் வரைக்கும் போகிறவர்கள் நடுவில் ஒருமுறையாவது இறங்கி ஐந்து நிமிடம் நடக்க வேண்டும், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அதைச் சாதாரண கர்ப்ப வீக்கம் என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

இறங்கி நடப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நம் பெண்கள் பலர் வழியில் நல்ல கழிப்பறை கிடைக்காது என்று கிளம்பும்போதே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள், நானும் செய்திருக்கிறேன். கர்ப்பிணிக்குச் சிறுநீர்த் தொற்று எளிதில் வரும், அது முற்றினால் குறைமாதப் பிரசவம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போகும். எந்த பங்க்கில், எந்த ஓட்டலில் கழிப்பறை சுத்தமாக இருக்கிறது என்று தெரிந்துவைத்துக்கொண்டு தண்ணீரைக் குடியுங்கள்.

பஸ்ஸில் போகிறவர்கள் கடைசி சீட்டைத் தவிர்த்து நடுவில் உட்காருங்கள். பின்சக்கரத்துக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி வேகத்தடையில் நெம்புகோல் மாதிரி தூக்கிப் போடும், இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் அந்த ஆட்டம் குறைவு. பைக்கில் ஒருபக்கமாக உட்கார்ந்து போவதை ஏழாம் மாதத்துக்கு மேல் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வயிறு முன்னால் வந்ததும் உடம்பின் பாரம் விழும் இடமே மாறிவிடுகிறது, ஒரு சின்ன பிரேக் போதும் சரிய.

விபத்து சின்னதாக இருந்தாலும், நன்றாகத்தான் இருக்கிறேன் என்று தோன்றினாலும், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நஞ்சுக்கொடி பிரிந்தால் ரத்தம் வெளியே வராமல் உள்ளேயே தேங்கவும் செய்யும். குழந்தையின் இதயத் துடிப்பைக் குறைந்தது 4 மணி நேரமாவது தொடர்ந்து கவனிப்பார்கள். வயிறு கல் மாதிரி இறுகினாலோ, வலித்தாலோ, நீர் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தை அசைவது குறைந்தாலோ யோசிக்காமல் 108ஐக் கூப்பிட்டு எத்தனையாவது வாரம் என்பதையும் சொல்லுங்கள். ரத்த வகை நெகட்டிவ் என்றால், தாயின் உடம்பு குழந்தையின் ரத்தத்துக்கு எதிராகத் திரும்பாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி 72 மணி நேரத்துக்குள் போட வேண்டியிருக்கும், அதை நீங்களோ கூட இருப்பவரோ கேட்க வேண்டும். நான் தாய்-சேய் அட்டையை நகல் எடுத்து, ரத்த வகையைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, டேஷ்போர்டு அறையில் ஆர்.சி. புத்தகத்துக்கு மேலேயே வைத்திருந்தேன்.