'ட்ஸே ரி': சீனக் கல்யாணத்துக்கு நாள் பார்த்தல்

சீனக் குடும்பங்களில் கல்யாணப் பேச்சு முடிந்ததும் அடுத்து வரும் சொல் 'ட்ஸே ரி'. இது மாண்டரின் உச்சரிப்பு. கான்டனீஸ் பேசுபவர்கள் அதே எழுத்துகளை 'சாக் யாட்' என்று படிப்பார்கள். 'ட்ஸே' என்றால் தேர்ந்தெடுப்பது. 'ரி' என்றால் சூரியன். அதிலிருந்து பகல், நாள் என்ற பொருள்களும் வந்தன.

தமிழில் மொழிபெயர்க்கும்போது நம்மில் பலர் இதைச் 'சீன முகூர்த்தம்' என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். பொருள் புரியும், ஆனால் அளவு இடிக்கும். முகூர்த்தம் என்பது இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம். நம் பத்திரிகைகளில் அச்சாகும் 'மணி 6.00க்கு மேல் 7.30க்குள்' என்ற வரிதான் நமக்கு முக்கியம். சீனர்கள் முதலில் பிடிப்பது முழு நாளை. நாள் கிடைத்த பிறகே அதற்குள் நல்ல வேளை தேடுவார்கள். அந்த வேளைக்குப் பெயர் 'ஷி சென்'. ஒரு நாளுக்கு 12, ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம்.

வழக்கம் மிகப் பழையது. ஹுபெய் மாகாணத்தின் ஷுய்ஹுடியில், கி.மு. 217 வாக்கில் மூடப்பட்ட ஒரு சின் அரசு அதிகாரியின் கல்லறையை 1975இல் தோண்டினார்கள். உள்ளே மூங்கில் சுவடிகள். பெரும்பகுதி சட்ட ஏடுகள்; கூடவே 'ரி ஷு', அதாவது நாள் நூல். வீடு கட்ட, பயணம் போக, பெண் எடுக்க எந்த நாள் ஆகும், எது ஆகாது என்று அதில் பட்டியல் இருக்கிறது. வூ ஷென், ஜி யோ என்ற இரண்டு நாட்களில் பெண் எடுக்கக் கூடாதாம். காரணம், சீனக் கதையில் வரும் மாட்டிடையன் நெசவுப் பெண்ணை மணக்கப் போய்க் கைகூடாமல் போன நாட்கள் அவை. வானத்தில் பிரிந்து நிற்கும் அந்தக் காதலர்களில் இடையனாகச் சீனக் கதை சொல்லும் விண்மீன், நம் திருவோணம்.

வூ ஷென் என்பதெல்லாம் 60 நாள் சுழற்சியில் வரும் பெயர்கள். பத்து 'வான் தண்டு'களும் பன்னிரண்டு 'மண் கிளை'களும் ஒவ்வொன்றாக இணைந்து 60 பெயர்கள் ஆகின்றன. கிளைகளுக்குத்தான் எலி, எருது, புலி என்ற விலங்குப் பெயர்கள். ஒரு கிளைக்கு ஏழாவதாக வருவது அதன் பகை: எலிக்குக் குதிரை, முயலுக்குச் சேவல், பாம்புக்குப் பன்றி. மணமகள் குதிரை ஆண்டில் பிறந்தவள் என்றால் எலி நாளை விட்டுவிடுவார்கள். மாதத்தின் கிளைக்கு எதிரான கிளை வரும் நாளுக்குப் 'போ', அதாவது உடைவு என்று பெயர். அது யாருக்கும் ஆகாது. 'செங்' (நிறைவேறல்), 'டிங்' (நிலைபெறல்) என்ற நாட்களை விரும்பி எடுப்பார்கள்.

சரி, கணக்குதானே, பஞ்சாங்கத்தைப் புரட்டினால் விடை வந்துவிடாதா? வராது. 'தேர்ந்தெடு' என்ற வினை இந்தச் சொல்லில் உட்கார்ந்திருப்பது சும்மா இல்லை. ஹான் பேரரசர் வூ (கி.மு. 141–87) நாள் பார்ப்பவர்களைக் கூட்டி, இன்ன நாளில் பெண் எடுக்கலாமா என்று கேட்ட கதை ஒன்று சீன வரலாற்று நூலான 'ஷி ஜி'யில் பிற்சேர்க்கையாக இருக்கிறது. ஐம்பூத முறைக்காரர் 'ஆகும்' என்றார். இன்னொருவர் 'ஆகாது' என்றார். அடுத்தவர் 'நல்லதில்லை', அதற்கடுத்தவர் 'பெருங்கேடு', நாள்காட்டிக் கணக்கர் 'சிறு கேடு', மற்றொருவர் 'சிறு நன்மை', ஏழாமவர் 'பெரு நன்மை'. சண்டை ஓயவில்லை. கடைசியில் பேரரசரே ஆணை போட்டார்: சாவு தொடர்பான விலக்கு நாட்களைத் தவிருங்கள், மற்றபடி ஐம்பூத முறையே முதன்மை. சோதிடத்தில் முடியாததை அரசாணையில் முடித்த அந்தக் கெட்டிக்காரத்தனத்தை நான் ரசிக்கிறேன்.

நாள்காட்டியும் அரசின் சொத்தாகவே இருந்தது. தனியார் அதை அச்சிடக் கூடாது என்று தாங் அரசு 835இல் தடை போட்டது. தடையை மீறி அச்சடித்தார்கள். வடமேற்குச் சீனாவின் துன்ஹுவாங் குகையில் கிடைத்த 877ஆம் ஆண்டின் அச்சு நாள்காட்டி இப்போது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. இன்று ஹாங்காங்கில் விற்கும் பஞ்சாங்கத்துக்குத் 'துங் ஷிங்' என்று பெயர். பழைய பெயர் 'துங் ஷு'. 'ஷு' என்றால் புத்தகம். கான்டனீஸில் 'தோற்பது' என்ற சொல்லும் அதே ஒலிதான். வருடப் பிறப்பன்று தோல்வியைக் காசு கொடுத்து வாங்குவானேன் என்று 'வெற்றி'யைக் குறிக்கும் 'ஷிங்' ஆக்கிவிட்டார்கள்.

அந்தப் பஞ்சாங்கத்தில் நல்ல நாளுக்கு எதிரே 'ஜியா ச்சு' என்ற இரண்டு எழுத்துகள் இருக்கும். ஆங்கிலம் வழியாக வந்தால் 'திருமணம்' என்று ஒற்றைச் சொல்லாகிவிடும். உண்மையில் 'ஜியா' என்பது பெண் கொடுப்பது, 'ச்சு' என்பது பெண் எடுப்பது. தமிழில் இதற்குத் தேடவே வேண்டாம்: கொள்வினை கொடுப்பினை. வரிசைதான் மாறியிருக்கிறது.

அப்புறம் 'ச்சிங் சி' என்று ஒரு சொல். பழைய சீனத் திருமணத்தின் ஆறு சடங்குகளில் ஐந்தாவது. நேர்ப்பொருள் 'நாளைக் கேட்டல்'. மாப்பிள்ளை வீட்டார் குறி பார்த்து நாளை முடிவு செய்துவிட்டுத்தான் பெண் வீட்டுக்கு ஆள் அனுப்புவார்கள். வந்தவர் 'நாளை நீங்களே சொல்லுங்கள்' என்பார். பெண்ணின் தந்தை 'நீங்கள் சொல்வதே சரி' என்பார். பிறகு ஏற்கெனவே முடிவான நாள் வெளியே வரும். இதற்கு 'நாள் குறித்தல்' பொருந்தும்.

'ட்ஸே ரி'க்கு நான் எழுதுவது 'நாள் பார்த்தல்'. பெயர்ச்சொல்லாக வேண்டுமென்றால் 'நாள் தேர்வு'. ஒரு சின்ன வேறுபாடு: சீன 'ரி' சூரியனைச் சொல்கிறது, பழந்தமிழில் 'நாள்' நிலவு நிற்கும் விண்மீனையும் குறிக்கும். நாண்மீன் என்பது அதுதான். நாள் பார்த்துச் சொல்பவரைச் சீனர்கள் 'ரி ஜெ' என்றார்கள். 'கணியன்' அதற்குச் சரியான தமிழ்.

மே 20 அன்று சீனத் திருமணப் பதிவு அலுவலகங்களில் கூடும் கூட்டத்தை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். 5, 2, 0 ஆகிய எண்களை மாண்டரினில் அடுத்தடுத்துச் சொன்னால் 'உன்னைக் காதலிக்கிறேன்' போலக் கேட்கும், அவ்வளவுதான். அதற்குத் தமிழில் 'ஃபேன்சி நம்பர்' என்றே சொல்லிவிடலாம்.