அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி: செனட் ஒப்புதல் எப்படி நடக்கிறது?

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 9 நீதிபதிகள். ஓய்வு வயது கிடையாது. ஐம்பது வயதில் ஒருவர் உள்ளே போனால் முப்பது ஆண்டுகள் இருக்கலாம். ஒரு நாற்காலி காலியானதும் இரண்டு கட்சிகளும் வரிந்துகட்டிக்கொண்டு நிற்பது அதனால்தான்.

அதிபர் பெயரை முன்மொழிவார், நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டின் ஆலோசனையோடும் ஒப்புதலோடும் நியமிப்பார் என்கிறது அரசியல் சாசனத்தின் 2ஆம் பிரிவு. எத்தனை நாளுக்குள் என்று சொல்லவில்லை. நீதிபதியாக வருபவர் சட்டம் படித்திருக்க வேண்டும் என்றுகூடச் சொல்லவில்லை!

பெயர் முதலில் செனட்டின் நீதித்துறைக் குழுவுக்குப் போகும். குழு அவரை நேரில் அழைத்து, தொலைக்காட்சி நேரலையில் கேள்வி கேட்கும். சிக்கலான கேள்வி வந்தால், "அந்த வழக்கு நாளை என் முன் வரலாம்" என்று நழுவிவிடுவார்கள். பிறகு 100 உறுப்பினர் அவையில் வாக்கெடுப்பு. சாதாரணப் பெரும்பான்மை போதும். சமமானால் துணை அதிபர் வாக்களிப்பார். கீழவைக்கு இதில் வேலையே இல்லை.

முன்பு விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போகவே 60 பேரின் ஆதரவு வேண்டும். கீழ் நீதிமன்றங்களுக்கு அந்த விதியை 2013இல் ஜனநாயகக் கட்சி எடுத்தது. 2017இல் உச்ச நீதிமன்றத்துக்கும் குடியரசுக் கட்சி எடுத்தது. எதிர்க்கட்சியின் கையில் இருந்த கடிவாளம் அதோடு போனது.

சாசனம் கெடு வைக்காததன் விளைவை 2016இல் பார்த்தோம். பிப்ரவரியில் நீதிபதி ஸ்காலியா இறந்தார். மார்ச் 16 அன்று ஜனநாயகக் கட்சி அதிபர் ஒபாமா, மெரிக் கார்லண்டின் பெயரை அனுப்பினார். செனட்டில் அப்போது பெரும்பான்மை வைத்திருந்த குடியரசுக் கட்சியின் தலைவர் மிட்ச் மெக்கானல், தேர்தல் ஆண்டு என்பதால் மக்கள் முடிவு செய்யட்டும் என்றார். குழு கார்லண்டை அழைக்கவே இல்லை. 293 நாள் கிடந்து பெயர் காலாவதியானது.

2020 செப்டம்பர் 18 அன்று நீதிபதி கின்ஸ்பர்க் இறந்தார். அதுவும் தேர்தல் ஆண்டுதான். ஆனால் குடியரசுக் கட்சி அதிபர் டிரம்ப் முன்மொழிந்த ஏமி கோனி பாரெட்டுக்கு அக்டோபர் 26 அன்றே, தேர்தலுக்கு எட்டு நாள் முன்பு, 52-48 என்று ஒப்புதல் கிடைத்துவிட்டது. அதிபரும் செனட்டும் ஒரே கட்சி, ஆகவே இது வேறு என்பது மெக்கானலின் விளக்கம். சட்டப்படி இரண்டுமே செல்லும்; நியாயப்படி இரண்டும் ஒருசேர நிற்காது என்பது என் எண்ணம்.

கார்லண்ட் 2021இல் பைடன் அரசில் அட்டர்னி ஜெனரல் (நீதித்துறை அமைச்சர் போன்ற பதவி) ஆனார். அதற்கும் செனட் ஒப்புதல் வேண்டும். 70-30 என்று கிடைத்தது. ஆதரித்தவர்களில் மெக்கானலும் ஒருவர்.