வெக்கையும் புழுக்கமும்

மே மாதத்தில் வேலூரிலிருந்து ஒரு மண்பானையைச் சென்னைக்குக் கொண்டுவந்து தண்ணீர் ஊற்றி வைத்தால், அங்கே ஜில்லென்று இருந்த தண்ணீர் இங்கே அந்த அளவுக்குக் குளிராது. பானையில் குறை ஒன்றும் இல்லை. நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தையும் எடுத்துச் செல்கிறது. கடலோரக் காற்றில் ஏற்கெனவே நீராவி மிகுந்திருப்பதால் ஆவியாதல் மந்தப்பட்டு, பானையின் வெளிப்புறம் நசநசவென்று ஈரமாகவே நிற்கிறது. நம் தோலுக்கும் இதே கதிதான்.

சும்மா உட்கார்ந்திருக்கும் உடல்கூட ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. சுற்றியுள்ள காற்று தோலைவிடக் குளிர்ந்திருக்கும்வரை அது தானாக வெளியேறும். காற்றின் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டிவிட்டால் வியர்வை ஒன்றே வழி. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 580 கலோரி வெப்பம் உடலை விட்டு நீங்குகிறது. ஆவியாகாமல் முதுகில் வழியும் வியர்வையாலோ நீரும் உப்பும்தான் வீணாகின்றன. வெக்கை, புழுக்கம் என்று தமிழ் இரண்டு சொற்களை வைத்திருப்பது இந்த வேறுபாட்டை உணர்ந்துதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றிக் காற்றோட்டத்தில் வைத்தால் கிடைப்பது 'ஈரக்குமிழ் வெப்பநிலை'; ஆவியாதல் எந்த அளவுக்குக் குளிர்விக்க முடியும் என்பதை அது காட்டும். 42 டிகிரி வெயிலும் 20 சதவீத ஈரப்பதமும் உள்ள வேலூர்ப் பிற்பகலில் அது ஏறத்தாழ 24 டிகிரி. 36 டிகிரியும் 65 சதவீதமும் உள்ள சென்னை மாலையிலோ 30. மனித உடல் தாங்கும் ஈரக்குமிழ் எல்லை 35 என்று 2010இல் கணக்கிட்டார்கள். ஆனால் 2022இல் வெளியான அமெரிக்கச் சோதனைகளில், ஈரமான சூழலில் இருந்த ஆரோக்கியமான இளைஞர்களுக்கே 31ஐ ஒட்டி உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறத் தொடங்கியது.

நிலம் கடலைவிட வேகமாகச் சூடாவதால் நண்பகலையொட்டிக் கடற்காற்று நகருக்குள் நுழைகிறது. மேற்குக் காற்று வலுத்து அதைத் தடுக்கும் நாள்களில்தான் சென்னை 40 டிகிரியைத் தாண்டுகிறது. 2003 மே இறுதியில் 45 டிகிரி வரை போனது. கடற்காற்று வந்ததும் வெப்பமானி இறங்கும், ஈரப்பதம் ஏறும். ஆகவே வெப்பமானி இறங்கிய அளவுக்கு உடலின் பாடு குறைவதில்லை.

இரவைக் கடினமாக்குவது கூரை. பகலெல்லாம் வெயில் ஏறிய கான்கிரீட் தளம், அந்தச் சூட்டைச் சில மணி நேரம் தாமதித்தே உள்ளே விடுகிறது. மேல்மாடி வீட்டில் இரவு ஒன்பது மணிக்கு நாற்காலியில் ஏறிக் கூரையின் அடிப்புறத்தில் உள்ளங்கையை வைத்தால், வெயில் போய் இரண்டு மணி நேரத்துக்கு மேலாகியும் சூடு தெரியும். மின்விசிறி அந்தக் கூரையை ஒட்டிய காற்றைத்தான் கீழே தள்ளுகிறது. மொட்டைமாடியில் அடிக்கும் வெள்ளைப் பூச்சு, புதிதாக இருக்கும்போது வெயிலில் ஏறத்தாழ முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். வெறும் சுண்ணாம்புக்கும் பலன் உண்டு. தூசி படிந்தால் பலன் குறையும் என்பதால், ஆண்டுதோறும் கோடைக்கு முன் மாடியைக் கழுவிவிட்டு அடிக்க வேண்டும்.

சன்னலை அடைத்துக்கொண்டு ஏர் கூலரை ஓட்டுவது சென்னையில் புழுக்கத்தைக் கூட்டும். அது தள்ளும் ஈரக்காற்று வெளியேற வழி இருக்க வேண்டும். முதியவர்களுக்குத் தாகமும் வியர்வையும் குறைந்துவிடுகின்றன. தண்ணீர் வேண்டும் என்று அவர்கள் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது. ஈரத்துண்டால் அவர்களுடைய கழுத்து, கை, கால்களை நனைத்து மின்விசிறியின் கீழ் உட்காரவைத்தால், சுரக்காத வியர்வையின் வேலையை அந்தத் தண்ணீர் செய்யும்.