சாதனை: செய்ததும் சாதித்ததும்

மலாயில் ‘ரெகோட்’, கோலாலம்பூர்த் தமிழரின் பேச்சில் ‘ரெக்கோட்’, நாளிதழ்த் தலைப்பில் ‘சாதனை’. மூன்றையும் ஒன்றாகவே புழங்குகிறோம்.

லத்தீனில் ‘கோர்’ என்றால் நெஞ்சு. மறுபடி நெஞ்சுக்குக் கொண்டுவருவது ‘ரெகார்தாரி’. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் ‘ரெக்கார்ட்’ என்று புகுந்த அச்சொல், வழக்குமன்றத்தில் எழுதிவைத்த சான்றைக் குறித்தது. விளையாட்டுப் பொருள் ஒட்டிக்கொண்டது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். அதன் நேர்த் தமிழ் ‘பதிவு’.

‘சாதனை’ வடமொழி வரவு. செய்து முடித்ததைச் சொல்லும். யார் பார்த்தார் என்று கேட்காது. போதாததற்கு, பணத்தை எடுத்தவனே ‘எடுக்கவில்லை’ என்று சாதிப்பதும் தமிழில் உண்டு!

மூச்சடக்கி மூழ்கும் ஃப்ரீடைவிங்கில் இந்த இரண்டாம் சாதிப்புக்கு இடம் அதிகம். 1960, 70களில் இத்தாலியின் என்சோ மயோர்க்காவும் பிரான்சின் ஜாக் மயோலும் மாறிமாறி ஆழம் கண்டார்கள். 1976இல் எல்பா தீவருகே மயோல் 100 மீட்டரைத் தொட்டார். அவ்வளவு ஆழத்தில் ஒருவர் என்ன செய்தார் என்பதற்கு மேலே நிற்பவர்கள் எப்படிச் சாட்சி சொல்வது? 1992இல் தொடங்கிய ‘ஐடா’ என்ற பன்னாட்டு ஃப்ரீடைவிங் அமைப்பின் விதிகளில் இதற்கு விடை இருக்கிறது. கயிற்றின் கீழ்த்தட்டில் இருக்கும் டேக்கை, அதாவது அடையாளச் சீட்டை, எடுத்துவர வேண்டும். மேலே வந்த 15 விநாடிக்குள் முகக்கருவியைக் கழற்றி, கையால் சைகை காட்டி, ‘நலம்’ என்று வாயால் சொல்ல வேண்டும். வரிசை மாறினாலும் போச்சு. நடுவர் வெள்ளை அட்டை காட்டினால்தான் முயற்சி சாதனையாகச் செல்லும். எனக்கு இந்தக் கெடுபிடி பிடித்திருக்கிறது.

சரி, தண்ணீரில் அசையாமல் மூச்சடக்கியதில் எது ‘உலக சாதனை’? 2009இல் ஸ்டீபன் மிஃப்சூட்டின் 11 நிமிடம் 35 விநாடியை ஐடா ஏற்றது. 2014இல் பிராங்கோ பெட்ரோவிச்சின் 11 நிமிடம் 54 விநாடியைக் கின்னஸ் ஏற்றது. 2025இல் விட்டோமிர் மாரிச்சிச்சின் 29 நிமிடம் 3 விநாடியும் கின்னஸ் பதிவுதான். ஆனால் அது முன்கூட்டியே தூய ஆக்சிஜனைச் சுவாசித்துவிட்டுச் செய்தது. யாரும் பொய் சொல்லவில்லை, ஏடுதான் வேறு. நம் தலைப்புகளோ மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்றன.

நடுவர் ஏற்றதற்குச் ‘சான்றுபெற்ற சாதனை’, ஏற்குமுன் ‘சாதனைக் கோரிக்கை’ என்று எழுதலாம். தியோமான் தீவில் நண்பர்கள் முன்னிலையில் தன் பழைய ஆழத்தைத் தாண்டிய பினாங்குத் தம்பிக்கு ‘தன்னுச்சம்’ பொருந்தும்.