நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்

பைக் விபத்தில் தோளருகே நரம்பு அறுந்தவரின் கை திரும்புமா என்பது ஒரு கணக்கில் இருக்கிறது. அறுந்த நரம்பு மீண்டும் வளரும். ஆனால் நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான். தோளிலிருந்து உள்ளங்கைக்கு 60 சென்டிமீட்டர் என்றால் 600 நாள். நரம்புத் தொடர்பு அற்ற தசையோ 12 முதல் 18 மாதம்தான் தாக்குப்பிடிக்கும். நரம்பு போய்ச் சேரும்போது அங்கே தசை சுருங்கி நாராகியிருக்கும்.

இங்கேதான் ஸ்டெம் செல் பேச்சு வருகிறது. வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல் அது. ஸ்டெம் செல் என்றதும் புது நரம்பை முளைக்க வைப்பார்கள் என்றே பலரும் நினைக்கிறார்கள். அப்படியல்ல. கையை அசைக்கும் நரம்பிழை புறப்படும் செல் தண்டுவடத்தில் இருக்கிறது. கையில் வெட்டுப்பட்டாலும் பெரும்பாலும் அது பிழைத்துக்கொள்ளும். அது நீட்டும் இழைக்குத் தேவை பாதையும் தீனியும்.

இரண்டையும் தருபவை, நரம்பிழையைச் சுற்றிப் போர்த்தியிருக்கும் ஸ்வான் செல்கள். வெட்டுக்கு அப்பாலுள்ள நரம்புப் பகுதி சிதைந்துபோவதை, தவளையின் நாக்கு நரம்பை வெட்டி 1850இல் விவரித்தார் ஆங்கிலேய மருத்துவர் அகஸ்டஸ் வாலர். சிதைந்ததை அப்புறப்படுத்துவதில் ஸ்வான் செல்களுக்கும் பங்குண்டு. பிறகு அவை பழைய இழை இருந்த குழாய்க்குள் வரிசைகட்டி நின்று வளர்ச்சிப் புரதங்களைச் சுரக்க, இழையின் நுனி அவற்றைத் தடவித் தடவி முன்னேறுகிறது. எனக்கு இது உடலின் மிக அழகான வேலைகளில் ஒன்றாகத் தோன்றுகிறது. ஆனால் மாதக்கணக்கில் இழை வராவிட்டால் ஸ்வான் செல்களும் ஓய்ந்து, எண்ணிக்கையில் குறைந்துவிடுகின்றன.

அறுந்த முனைகளுக்கிடையே இடைவெளி விழுந்தால், கெண்டைக்காலிலிருந்து ஓர் உணர்வு நரம்பை எடுத்து ஒட்டுகிறார்கள். பாதத்தின் வெளியோரம் மரத்துப்போகும், அதுதான் விலை. கொலாஜன் என்ற புரதத்தாலான குழாய் வைப்பதும் உண்டு. அதற்குள் செல்லே இல்லாததால் சுமார் 3 சென்டிமீட்டருக்கு மேல் நம்ப முடியாது.

அந்த வெற்றுக் குழாயை நிரப்பத்தான் ஸ்டெம் செல். கொழுப்பிலிருந்தோ எலும்பு மஜ்ஜையிலிருந்தோ எடுத்து, ஆய்வகத்தில் ஸ்வான் செல் போலப் பழக்கி உள்ளே வைக்கிறார்கள். ஸ்வான் செல்லையே எடுக்கலாமே என்றால், அதற்கு இன்னொரு நரம்பைப் பலியிட வேண்டும், பெருகுவதற்கும் நாளாகும். எலிகளின் பின்னங்காலில் ஓடும் சயாட்டிக் நரம்பில் இப்படி நிரப்பிய குழாய்கள், வெற்றுக் குழாய்களைவிட அதிக இழைகளைக் கடத்தின. இதில் வியப்பு என்னவென்றால், வைத்த செல்களில் பெரும்பாலானவை நீண்ட நாள் தங்குவதில்லை. இருக்கும்வரை அவை சுரக்கும் புரதங்களே உடலின் சொந்த ஸ்வான் செல்களை உசுப்பிவிடுகின்றன.

மனிதர்களில் இன்னும் சிறு சோதனைகள்தான் நடக்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலும் இத்தகைய சிகிச்சையை ஆய்வாகவே அனுமதிக்கிறது. அதற்காக நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. ‘ஸ்டெம் செல் ஊசி’ தேடிக் காசோடு அலையும் ஒவ்வொரு மாதமும் தசை தாக்குப்பிடிக்கும் அந்த 12 முதல் 18 மாதக் கணக்கில் கழிகிறது. நரம்பு அறுவை மருத்துவரிடம் முதல் மூன்று மாதத்துக்குள் போய்விடுங்கள்.